போட்டாச்சாம்

இரண்டு ஆண்பிள்ளைகள் பேசாமல் இருப்பதற்கு அவர்கள் ஒரு சிரமமும் படவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டால் தீர்ந்தது. சிரமமெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டவளுக்கு. காலை ஒன்பது மணியிலிருந்து அவள் சமையலறைக்கும் ஷெட்டுக்குமாக நடந்த நடையை ஒரே திசையில் நடந்திருந்தால், இந்நேரம் அடுத்த ஊர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாள்.

சமையலறையில் இருப்பவன் அவளுடைய அண்ணன், எலக்ட்ரீஷியன். வீட்டின் பக்கவாட்டில், இருபது எட்டு வைக்கும் தூரத்தில், ஷெட்டுக்குள் மின்சார போர்டுக்கு முன்னால் நிற்பவர் அவளுடைய வீட்டுக்காரர், பஸ் டிரைவர். இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இன்றைக்கு அவர் அங்கே ஸ்விட்சை இறக்கவேண்டும், இவன் இங்கே அந்தக் கம்பியில் கை வைக்கவேண்டும். இருவருக்கும் இடையில் இவளுடைய தொண்டையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எல்லாம் ஒரு ஹீட்டருக்காக. அவர்களுடைய பெண்ணுக்கு ஆறு வயது. குளிர் வந்துவிட்டால் அதன் நெஞ்சுக்குள் விசில் ஊத ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அது இருப்பது பின்பக்கச் சமையலறையில்தான். எழுதுவது, படிப்பது, பொம்மையை மிரட்டுவது எல்லாம் அங்கேதான். அங்கே ஒரு பழைய மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தது. டாக்டர் அதன் வாசனையைக் குழந்தையின் ஸ்வெட்டரிலேயே பிடித்துவிட்டார். "அத முதல்ல வெளிய தூக்கிப் போடுங்க, அப்புறம் மருந்து எழுதறேன்" என்றார். வீட்டுக்காரர் அன்று மாலையே சுவரில் மாட்டும் கரண்ட் ஹீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கூப்பிட்ட எலக்ட்ரீஷியன்கள் மூன்று பேரும் மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்றார்கள். மூன்று வாரத்துக்குக் குழந்தையை மூச்சு விடாமல் இருக்கச் சொல்ல முடியுமா? அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. சொன்னாள்.

சண்டை பிறந்த இடமும் இதே சமையலறைதான். வீட்டின் பின்னால் அதை நீட்டிக் கட்டியபோது ஒயரிங் முழுவதையும் வீட்டுக்காரர் தன் கையாலேயே செய்தார். லீவு நாள் ஒன்றுகூட விடாமல் முட்டி போட்டுக் கிடந்தார். முடிந்ததும் டிப்போ நண்பர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். அண்ணனும் வந்திருந்தான். கையில் தட்டோடு ஒரு பிளக் பாயின்ட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "எவன் பாத்த வேலை இது? அவன் கையில ஸ்க்ரூடிரைவரக் குடுத்ததே தப்பு" என்றான். யார் செய்தது என்று அவனுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகாவது வாயை மூடிக்கொண்டானா? "ஓ, மாப்பிள்ளையா? பாத்ததுமே நெனச்சேன்" என்றான். டிப்போக்காரர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றிலிருந்து அவருக்கு இவன் 'மச்சான்' இல்லை, 'உங்க அண்ணன்'. இவனுக்கு அவர் 'மாப்பிள்ளை' இல்லை, 'உன் வீட்டுக்காரர்'.

அண்ணனுக்குச் சொந்தக்காரர்கள் வைத்திருந்த பெயர் ஃப்யூஸ். தொழிலைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடக்கூடாது. சட்டென்று சூடாகிப் போய்விடுவான், அதனால் வந்த பெயர். வீட்டுக்காரர் வேறு ரகம். அவருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாள் கணக்கில் நிற்பார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அவள் ஒரு வித்தை பழகியிருந்தாள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் அப்படியே சொல்லமாட்டாள். மீனில் முள் எடுப்பதுபோல எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாள். "அந்த மகாராஜாவுக்கு நம்ம வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரியுமாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், அது அண்ணனிடம், "உன்ன விசாரிச்சாருண்ணா" என்று போய்ச் சேரும். "அந்த ஆளு இருக்கற வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்" என்று அண்ணன் சொன்னால், "அண்ணனுக்கு இந்த வாரம் வேலை அதிகமாம்" என்று வீட்டுக்காரர் காதில் விழும். சில நாள் முள்ளை எடுத்து முடிக்கும்போது மீனே மிச்சம் இருக்காது. ஆனால் குடும்பம் ஓடியது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"போர்டுல எத்தன ஸ்விட்சு, எது எதுக்குன்னு கேளு" என்றான் அண்ணன்.

ஷெட்டுக்குப் போனாள். "ஆறு. நாலாவது சமையலறைக்கு. எனக்கு எல்லாம் மனப்பாடம்னு சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

"ஆறு ஸ்விட்சாம். நாலாவது நம்முது."

"எழுதி ஒட்டியிருக்காரா?"

"இல்ல."

"ஏன், எழுத்துக்கூட்டத் தெரியாதா?"

மறுபடி ஷெட். "எழுதி ஒட்டினா நல்லதுன்னு அண்ணன் சொல்றான்."

அண்ணன் யார் மனப்பாடத்தையும் நம்புகிறவன் இல்லை. ஒரு மேஜை விளக்கைக் கொண்டுவந்து சமையலறை பிளக்கில் சொருகினான். "நாலாவத எறக்கச் சொல்லு." அவள் பின்வாசல் படியில் நின்று கத்தினாள். விளக்கு அணைந்தது. "ஏத்தச் சொல்லு." எரிந்தது. இப்படி இரண்டு தடவை. ஒரு தடவை அவள் "ஸ்விட்சப் போடுங்க" என்று கத்தியபோது அண்ணன் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

"வேலை நடக்கற எடத்துல போடு கீடுன்னு பேசாத. போடுறதுன்னா ஆயிரம் அர்த்தம் இருக்கு. எறக்கு, ஏத்து. ரெண்டே வார்த்தை. அவர்கிட்டயும் சொல்லிடு."

போய்ச் சொன்னாள். "எனக்குப் பேசச் சொல்லித் தராராமா உங்க அண்ணன்?" என்றார் வீட்டுக்காரர். அவள் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திரும்பி வந்து, "சரின்னுட்டார்" என்றாள்.

பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் இருந்த பிளக் பெட்டியை அண்ணன் திறந்தான். ஹீட்டர் இரண்டாயிரம் வாட். பழைய ஒயர் அதைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். தாங்கினால் அங்கிருந்து ஒரு கிளை எடுத்து, ஃப்யூஸ் வைத்த தனி ஸ்விட்ச் ஒன்றின் வழியாக ஹீட்டருக்குக் கொண்டுபோகலாம். டார்ச்சை அடித்துப் பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தான். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஒயரு கனமாத்தான் இருக்கு. தாங்கும்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் ஓடிப்போய், "வேலை ரொம்பச் சுத்தமா இருக்காம், அண்ணனே சொல்லிட்டான்" என்றாள். வீட்டுக்காரர் ஒரு துணியை எடுத்து, தூசி இல்லாத போர்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "இத மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்" என்றார். அதை அவள் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு ஆனது. அண்ணன் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டான், வீட்டுக்காரர் முன் அறையில். இரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்தபோது அண்ணன் தன் பையிலிருந்து சிவப்பு டேப் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"நாலாவத எறக்கிட்டு, அது மேல இத ஒட்டச் சொல்லு. நானே வந்து பிரிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. போர்டு பழசு. கரண்டு கசிஞ்சா தானா கட்டாகற ஸ்விட்சு அதுல கெடையாது."

வீட்டுக்காரர் டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆளே நிக்கறேன், டேப்பு எதுக்கு? கைய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாத சின்னப்பிள்ளையா நானு?" ஸ்விட்சை மட்டும் சத்தம் கேட்கும்படி இறக்கினார். அவளே அந்த டேப்பைக் கிழித்து ஒட்டியிருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆனால் ஒட்டினால் அவள் அண்ணன் பக்கம் சேர்ந்துவிட்டதாக ஆகிவிடும். டேப்பை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள்.

அவள் கையில் டேப்பைப் பார்த்ததும் அண்ணனின் தாடை இறுகியது. வேறு எந்த வீடாக இருந்தாலும் அவனே விறுவிறுவென்று போய், டேப்பை ஒட்டிவிட்டு, நாலு வசவும் வைத்துவிட்டு வந்திருப்பான். டேப் ஒட்டாத போர்டை நம்பி அவன் இருபது வருஷத்தில் கம்பியைத் தொட்டதில்லை. இங்கே போனால் அந்த மனிதர் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். நின்றால் ஏதாவது பேசவேண்டும். அந்த இருபது எட்டை நடக்க அவனுக்கு மனசு வரவில்லை. எனக்கு இந்த இடத்தில் அவன் மேல் வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு முழ டேப் விஷயத்தில் இவன் வீம்பைப் பாருங்கள்!

டெஸ்டரை வைத்துப் பார்த்தான். கரண்ட் இல்லை. இன்னொரு தடவை பார்த்தான். இல்லை. வேலையை ஆரம்பித்தான்.

சுவரைத் துளைத்தான், கொக்கி முடுக்கினான், ஒயர் ஓடும் குழாயை ஆணி அடித்து நிறுத்தினான். புது ஒயரைப் பிளக் பெட்டியில் இணைத்து, தனி ஸ்விட்ச் வழியாக ஹீட்டர் மாட்டும் இடம் வரைக்கும் இழுத்துவிட்டான்; போர்டில்தான் நிறுத்தியிருக்கிறதே என்று அந்தத் தனி ஸ்விட்சை அணைக்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. அவள் பின்வாசல் படியில் நின்றாள். அங்கிருந்து சமையலறை தெரியும், ஷெட் தெரியாது. சுவர் மூலை மறைத்துவிடும். குரல் மட்டும் போகும். குளிர்காற்று ஷெட்டுக்குப் போகும் பக்கச் சந்துக்குள் புகுந்து அவள் காதை எரித்தது. ஷெட்டில் இன்னும் குளிராக இருக்கும். வீட்டுக்காரர் உட்காரக்கூட இல்லை என்று அவளுக்குத் தெரியும். நிற்கிறேன் என்று சொன்ன மனிதர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

"என்ன நடக்குது அங்க?" என்று ஷெட்டிலிருந்து குரல் வந்தது.

"ஆகுதுங்க!"

பத்து நிமிஷம் கழித்து மறுபடி. "நாலு மணிக்குப் பாப்பா வந்துடும். ஆச்சா?"

"இதோ!"

அண்ணன் ஒரு ஸ்டூலில் ஏறி, ஹீட்டரை இரண்டு கையாலும் தூக்கி, கொக்கியில் உட்காரவைத்தான். அது கணக்காக உட்கார்ந்தது. கீழே இழுத்துப் பார்த்தான், ஆடவில்லை. அதே நேரம் ஷெட்டிலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை அதில் பொறுமை மிச்சமில்லை.

"போட்டாச்சா இல்லையான்னு கேளு!"

"அண்ணா, போட்டாச்சான்னு கேக்கறார்."

அண்ணன் திரும்பவில்லை. ஸ்டூலின் மேல் நின்றபடியே, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புது ஒயரின் தோலை உரித்துக்கொண்டே சொன்னான். "போட்டாச்சு, செவுத்துலதான் போட்டிருக்கு. ஒயரு இன்னும் மாட்டல. இது என்ன அவரு ஓட்டற பஸ்ஸா, டைமுக்கு எடுக்கறதுக்கு? நான் சொல்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லு."

அவளுக்கு எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. அதுதான் கொடுமை. கேட்டவுடனே அவள் மனசு பார்த்தது அந்தப் பஸ்ஸைத்தான். பஸ் பேச்சு ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் இன்றைய நாள் அவ்வளவுதான். டிப்போக்காரர்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எழுந்து வந்துவிடும். பஸ்ஸை எடுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு என்பதை எடுத்தாள். மூன்று வருஷப் பழக்கத்தில் வாய் தானாகவே முள் எடுத்தது. எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போட்டாச்சாம்!" என்று கத்தினாள்.

"சரி!" என்றது ஷெட். அந்தச் 'சரி'யில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைச் சுரீரென்று குத்தியது. எதற்கு நிம்மதி? திரும்பிச் சமையலறைக்குள் பார்த்தாள். அண்ணன் ஒயரின் மூன்று கம்பிகளையும் விரல்களால் பிரித்துக்கொண்டிருந்தான். தோல் உரித்த செம்பு அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பளபளத்தது.

மறுபடி ஷெட் பக்கம் திரும்பினாள்.

சந்துக்கு வெளியே தெருவில் குப்பை வண்டி பின்னோக்கி வரத் தொடங்கியிருந்தது. அதன் பீப் பீப் சத்தமும் இரும்புக் கதவின் அலறலும் சந்து முழுவதும் நிறைந்தது. அதற்குள்ளிருந்து வீட்டுக்காரர் குரல்.

"போடவா?"

கவனமான மனிதர். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர், கண்டக்டரின் விசிலைக் கேட்காமல் வண்டியை நகர்த்தாதவர். சும்மா போட்டுவிடவில்லை. ஒரு தடவை கேட்டார்.

"போடாதீங்க!" என்று அவள் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

நம் பேச்சில் வேண்டாம் என்பது வார்த்தையின் வாலில்தான் இருக்கிறது. தலை போய்ச் சேர்ந்தது. வாலைக் குப்பை வண்டி தின்றுவிட்டது.

சமையலறையில் ஒரு சத்தம். அலறல் இல்லை. யாரோ வயிற்றில் குத்தியதுபோல ஒரு 'ஹக்'. பிறகு ஸ்டூல் உருண்டது. பிறகு அண்ணன் முதுகு கீழ் அலமாரியின் கதவில் மோதி, கதவு உடைந்து, உள்ளே இருந்த பாத்திரங்கள் கலகலவென்று சரிந்தன.

"அண்ணா!" என்றாள். "எறக்குங்க! எறக்குங்க! எறக்குங்க!"

அவன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். ஒயர் சுவரிலிருந்து தொங்கி, அவன் தலைக்கு மேல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முன் அறையில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றிருந்தது, விளக்கும் அணைந்திருந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. இரண்டு எட்டு வைத்தாள்.

"தொடாத!" வீட்டுக்காரர் சந்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார். ஒரு கால் செருப்பைக் காணோம். "தொடாத! மெயின் எறக்கிட்டேன், நீ தொடாத, நான் பாக்கறேன்!"

தொங்கிய ஒயரை ஒரு மரக்கரண்டியால் தள்ளி ஒதுக்கினார். முட்டி போட்டு உட்கார்ந்தார். மச்சானின் சட்டையைப் பிடித்து நேராக்கிப் புரட்டி, மார்பில் காதை வைத்தார். அண்ணனுடைய வாய் திறந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருகி, ஒரு மோசமான வாசனை அறைக்குள் வந்தது. போட்டாச்சாம், போட்டாச்சாம் என்று அவள் காதுக்குள் அவள் குரலே கத்திக்கொண்டிருந்தது. நான்தான் கொன்றேன் என்று நினைத்தாள். ஸ்விட்சைப் போட்டது அவர் இல்லை, என் வாய்தான்.

"அடிக்குது" என்றார் வீட்டுக்காரர், காதை எடுக்காமல். "அடிக்குது. நல்லாவே அடிக்குது."

அண்ணனின் மார்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. நீரில் மூழ்கி எழுந்தவன்போல மூச்சை இழுத்தான். இருமினான். கண்ணைத் திறந்தான். ஒரு சாண் தூரத்தில் மாப்பிள்ளையின் முகம். மூன்று வருஷத்தில் இவ்வளவு அருகில் அவன் அதைப் பார்த்ததில்லை. பார்த்தான். பார்த்துவிட்டு, கண்ணை மெல்லத் திருப்பி, தங்கையைத் தேடினான்.

"எறக்கச் சொல்லு" என்றான். குரல் பாதிதான் வந்தது.

அவன் மார்பின் மேல் கையை வைத்துக்கொண்டே, அவன் மூச்சு தன் முகத்தில் பட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எறக்கிட்டேன்னு சொல்லு" என்றார்.

அவள் வாயும் திறந்துவிட்டது. "எறக்கிட்டா..." என்று வெளியே வந்தும்விட்டது. பழக்கம் அப்படி. அங்கேயே நின்றது.

"சொல்லமாட்டேன்."

இருவரும் விழித்தார்கள்.

"சொல்லமாட்டேன்! செத்துப் பொழச்சுக் கெடக்கறான், நீங்க அவன் நெஞ்சு மேல கைய வெச்சிருக்கீங்க, இப்பவும் நான்தான் சொல்லணுமா? என் வாயாலதான் இவ்வளவும் ஆச்சு. இனிமே ஒரு வார்த்தை, ஒரு எழுத்து, இந்த வாய் வழியாப் போகாது. பேசுங்க, இல்ல ரெண்டு பேரும் ஊமையாவே இருங்க!"

சொல்லிவிட்டுச் சரிந்த பாத்திரங்களுக்கு நடுவில் தொப்பென்று உட்கார்ந்தாள். குப்பை வண்டி போய்விட்டிருந்தது. அறையில் அண்ணன் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். ஒரு மனிதனுக்கு ஒரு வார்த்தை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

"எறக்கிட்டேன்" என்றார். அவளைப் பார்த்து இல்லை.

அண்ணன் கூரையைப் பார்த்தபடி இருந்தான். "நாலாவதா?"

"மெயினே."

"ம்."

கருகிய விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போட்டாச்சுன்னு நான் சொன்னது செவுத்துல போட்டத" என்றான். "ஒயரு மாட்டலன்னும் சொன்னேனே."

"எனக்கு வந்தது போட்டாச்சாம்னு மட்டும்தான். அதுக்கப்புறமும் கேட்டேன், போடவான்னு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள். மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"அண்ணன் சொன்னத நான் முழுசாச் சொல்லல" என்றாள். "செவுத்துலதான் போட்டிருக்கு, ஒயரு இன்னும் மாட்டல, இது என்ன அவரு ஓட்டற பஸ்ஸா, டைமுக்கு எடுக்கறதுக்கு, நான் சொல்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுன்னான். பஸ்ஸுன்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வருமேன்னு அத எடுத்தேன். எடுக்கும்போது எல்லாத்தையும் சேத்து முழுங்கிட்டேன்."

வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். "பஸ்ஸான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றான் அண்ணன். இந்த நிலையிலும் பொய் சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கருகிய விரல்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது எனக்கு வந்திருந்தா கோவம் வந்திருக்கும். கண்டிப்பா வந்திருக்கும். அப்படியே கையக் கட்டிக்கிட்டு நின்னிருப்பேன். போடுன்னு ஊரே கத்தினாலும் தொட்டிருக்கமாட்டேன்."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிடக்கூடாது, வந்துவிடக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தாள். வந்திருந்தால் அண்ணனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் வாய்விட்டு அழுதாள்.

"எந்திரிக்க முடியுதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "கரண்ட் அடிச்சா நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்துப் பாக்கணும். வெளிய நல்லாத் தெரிஞ்சாலும் விடக்கூடாது."

"எனக்கா சொல்றீங்க?" என்றான் அண்ணன். ஆனால் கையை நீட்டினான், நல்ல கையை. மாப்பிள்ளை அதைப் பிடித்துத் தூக்கினார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, மூவரும் காரில் ஏறினார்கள். அண்ணன் முன்னால், ஈரத்துணி சுற்றிய விரலை மடியில் வைத்துக்கொண்டு. அவள் பின்னால். தெருமுனை சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அண்ணன் திரும்பாமலே கேட்டான்.

"இந்த மாதிரி இன்னும் எவ்வளவு முழுங்கியிருக்க?"

"நெறைய."

"இவரு சொன்னதையுமா?"

"ரெண்டு பேரு சொன்னதையும்."

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு" என்றார் வீட்டுக்காரர். "ஆஸ்பத்திரிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. ஒண்ணையும் எடுக்காம சொல்லு. நாங்க கேக்கறோம்."

விளக்கு பச்சைக்கு மாறியது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மகாராஜாவுக்கு" என்று ஆரம்பித்தாள்.